அம்மன் தந்தது சிவப்புப் பூ

சிவமயம்

திருகோணமலை,
16.09.2025

அன்புள்ள மகள் ஜதுசாவுக்கு அம்மா எழுதுவது.

அம்மன் காவலில் அப்பாவும் நானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் உடம்பு சுகத்தோடும் மனச் சுகத்தோடும் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மனச் சுகம் என்று இந்த முறை சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாக வாசி. அப்பாவின் முழங்கால் நோ இப்போது பரவாயில்லை, துறைமுக வேலையில் பென்சன் எடுத்து ஆறு வருசமாகியும் காலமையில் சைக்கிளில் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய் எந்தக் கப்பல் வந்தது எது போனது என்று பார்த்து வந்து எனக்கு ஒப்புவிக்காமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். போன கிழமை மான் இரண்டு வளவுக்குள் புகுந்து கத்தரிக் கன்றுகளை மொட்டையாக்கிவிட்டன, அப்பா தடியோடு ஓடினவர் அதுகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு மின்ஹாவுக்கு வங்கியில் கடன் பகுதிக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது, அவளுடைய அண்ணன் நிப்றாஸ் வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் தந்துவிடுகிறேன், சனிக்கிழமை உன்னிடம் சேர்ப்பதாகச் சொன்னார். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பாய், மருமகன் அங்காலே இருப்பார், நான் சுகம் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், ஏலாது பிள்ளை.

ஆனி மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வீட்டுக் கடன் எடுத்துத் தர இரண்டு புரோக்கர்மார் இருக்கினம் அம்மா, ஒராள் உங்களிட்டை ஒரு சதமும் வாங்கமாட்டன் எண்டுறார், எங்கட கோயிலுக்கு வாறவர், மற்றவர் ஐந்நூறு பவுண் கேக்கிறார், இவர் காசு வாங்கிறவரிட்டைப் போவம் எண்டு நிக்கிறார், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, சல்லி அம்மனிட்டைப் பூ வைச்சுக் கேட்டுச் சொல்லுங்கோ என்றாய். காசு வாங்காதவருக்கு வெள்ளை, வாங்குகிறவருக்குச் சிவப்பு என்று நீதான் குறித்தாய். நான் கேட்டேன். வெள்ளை வந்தது என்று அன்று பின்னேரமே உனக்குச் சொன்னேன். நீ மருமகனிடம் சொன்னாய், அந்த மனுசன் சரி, மாமி கேட்டவ எண்டால் சரி என்று விட்டுக்கொடுத்தார்.

மகள், அம்மன் தந்தது சிவப்பு. அன்று வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் பஸ்ஸில் சல்லி அம்மன் கோயிலுக்குப் போனோம், வெள்ளைக்கு நந்தியாவட்டையையும் சிவப்புக்குச் செவ்வரத்தையையும் வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாகச் சுற்றி அம்மன் காலடியில் வைத்தோம், பூசை முடிந்ததும் கோயில் ஐயா ஒன்றை எடுத்துத் தந்தார். விரித்துப் பார்த்தால் செவ்வரத்தை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஐந்நூறு பவுண் எங்கள் காசில் இரண்டு லட்சம் என்று நான் அதற்கு முதலே கொப்பியின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்து வைத்திருந்தேன், அதுதான் நான் செய்த முதல் பிழை. எட்டாம் வகுப்போடு நின்றவள், அரசாங்கக் கச்சேரிப் படிவமோ காணிப் படிவமோ அப்பாவின் பென்சன் படிவமோ, மற்றவர்களைப் போல கச்சேரி வாசலில் இருந்து எழுதிக் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டி வாசித்து நிரப்பினேன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. ஒருவர் சும்மா செய்து தருகிறேன் என்கிறார், பிறகேன் இரண்டு லட்சம் கொடுக்க வேணும் என்று மனம் கிடந்து அடித்தது. போகும் வழியெல்லாம் பஸ்ஸில் மீன் விலை கதைத்துக்கொண்டு போனேனே, மனம் சுத்தமில்லாமல் கேட்டுவிட்டேன் என்று திரும்பி வரும்போது வாய்விட்டே ஒரு நியாயம் சொன்னேன். அப்பா உடனே பிடித்துவிட்டார். ஏனப்பா, நீ அம்மனிட்டைக் கேக்க வந்தனியோ, அம்மனுக்குச் சொல்லிக் குடுக்க வந்தனியோ என்று பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கப் பகிடி பண்ணினார். நான் கோபத்தில் எழும்பிப் பின் சீற்றில் போய் இருந்தேன். வீட்டுக்கு வந்து திரும்ப முழுகிவிட்டுச் சாமியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நானே சுற்றி, நானே வைத்து, நானே கண்ணை மூடி எடுத்தேன். வெள்ளை வந்தது. அதைத்தான் அம்மன் சொன்னதாக உனக்குச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்தப் புரோக்கர் விண்ணப்பம் போட்ட வங்கி மறுத்தது, ஆறு கிழமை வீணாய்ப் போனது, நீ கிணற்றடி மாதிரித் தோட்டம் இருக்குது அம்மா என்று ஆசைப்பட்ட வீட்டை வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள். அதையும் நான் தாங்கியிருப்பேன். இரண்டு கிழமைக்கு முன் நீ போனில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மன் சொன்னது பிழையாகுமோ அம்மா, இவரின்ரை வருமானக் கணக்குத்தான் சரியில்லை, சொந்தமா வேன் ஓடுறன் எண்டு கடை வேலையை விட்டவர், அதாலதான் பேங்க் மறுத்தது, எனக்கு இவரை நினைக்கவே எரியுது என்றாய். அவர் அங்கேதான் நின்றார். மாமி சுகமோ என்று கேட்டுவிட்டு அப்பால் போனார், கதவு சாத்திய சத்தம் எனக்குக் கேட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் பிழைவிடமாட்டா என்று நீ நம்பியது சரி பிள்ளை, ஆனால் அந்த நம்பிக்கையை வைத்து நீ பழியை அவர் தலையில் இறக்கினாய், அதற்கு வழி செய்தவள் நான்.

மின்ஹாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி விளக்கம் கேட்டேன். அவள் சிரித்தாள். அன்ரி, சும்மா செய்யிற ஆளுக்கும் சம்பளம் இருக்கு, பேங்க் குடுக்கும், உங்கட பிள்ளை குடுக்கேல்லை அவ்வளவுதான், காசு வாங்கிறவருக்கும் பேங்க் குடுக்கலாம், அதாலை காசு வாங்கினால் நல்லவர் வாங்காட்டிக் கூடாதவர் எண்டு இல்லை, எத்தினை பேங்க் பார்க்கிறார் எண்டுதான் கேக்க வேணும் என்றாள். நீ சொன்னதை நினைத்துப் பார்த்தேன். காசு வாங்காத அந்தக் கோயில் தம்பி ஐந்தாறு வங்கிதான் பார்த்தார், அதில் ஒன்றுக்கும் இரண்டு வருசக் கணக்குப் போதவில்லை. மற்றவர் மருமகனுடைய வேன் வேலையை முதல் நாளே விசாரித்து, இரண்டு வருசக் கணக்கை எடுக்கும் வங்கி இருக்கிறது என்று சொன்னாராம், கடன் சரிவந்த பிறகு காசு தந்தால் போதும் என்றும் சொன்னாராம். மருமகன் அதற்காகத்தான் அவரிடம் போவோம் என்று நின்றார். அவர் தன் தொழிலைத் தெரிந்து சொன்னார், நான் இரண்டு லட்சத்தைப் பார்த்துச் சொன்னேன். கோயில் தம்பியைக் குறை சொல்லாதே, மாதச் சம்பளக்காரருக்கு அவர் நல்லாய்ச் செய்து கொடுத்திருப்பார்.

இப்போது நீ, இன்னொரு வீடு பார்த்திருக்கிறோம், மாத முடிவுக்குள் புரோக்கருக்குச் சொல்ல வேணும், திரும்பப் பூ வைத்துக் கேளுங்கோ என்று எழுதியிருந்தாய். நான் கேட்கமாட்டேன். ஒருமுறை பதில் தந்தவவிடம் என்ன முகத்தோடு திரும்பக் கேட்பது. நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதையுங்கள். யாரிடம் போனாலும் எத்தனை வங்கி பார்க்கிறீர்கள், யார் யாரிடம் காசு வாங்குகிறீர்கள், கடன் சரிவராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அந்த ஐந்நூறு ஐந்நூறாகவே நிற்குமா கடன் கூடினால் அதுவும் கூடுமா என்றும் கேள். மருமகன் சொல்வதற்குக் காது கொடு.

போன வெள்ளிக்கிழமை சல்லிக்குப் போய்த் தேங்காய் உடைத்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது லேசாய்ப் போனது, அவ திருப்பி ஒன்றும் கேட்கமாட்டா. உன் கோபம் எனக்கு வரட்டும், வரத்தான் வேண்டும். அம்மா சொன்னால் அதில் பொய் இராது என்று நீ சின்னதிலிருந்து வைத்திருந்ததை நான் இரண்டு லட்சத்துக்கு விற்றுப்போட்டேன், அதை நினைக்கத்தான் நெஞ்சு நோகிறது.

இந்தக் கடிதத்தை நீ வாசித்த பிறகு ஒரு வரியும் விடாமல் அவர் கையில் கொடு. சுருக்கிச் சொல்லாதே. அம்மன் உங்கள் இருவரையும் ஒரு மனதாக வைத்துக் காக்கட்டும், பிடித்த வீட்டில் பால் காய்ச்சும் நாள் கெதியில் வரட்டும். குளிர் தொடங்குகிறதாம், அவர் விடிய வேனுக்குப் போகுமுன் சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்ததும் நீ கதைக்காதே, முதலில் அவரிடம் கொடு. நான் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகு, அவர் விரும்பினால் உன்னிடம் தரட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் மருமகனையும் ஒன்றாக நினைத்திருக்கும் அம்மா,
யோ. சுலோஜனா