ஒட்டடைக்கு அடியில் இருந்த பெயர்

துலாம் மாதம் 9, சனி

பேத்தி ஷைனிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மலைக்குப் போய்வந்தேன். குடும்பமாக ஒயின் போடுகிறவர்கள். பாறைக்குள் குடைந்த அறையில் வரிசையாக ஒயின் ஊறும் பீங்கான் பரணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

“எங்க வீட்டு ஆளுவளுக்கு ஆளுக்கொண்ணு உண்டு, அம்மச்சி. அவியவிய அடக்கத்தன்னைக்குத்தான் தொறப்போம்,” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

கடைசிப் பரணியில் ஒட்டடை கனமாகப் படிந்திருந்தது. துடைத்தேன். ஷைனி என்று, எங்கள் ஷைனியின் இனிஷியலோடு எழுதியிருந்தது. அவள் பெயரைப் போன வாரம்தான் இவர்களுக்குச் சொன்னோம்.

“இது யாருக்காக்கும்?”

“அது திராட்சைக்க பேராக்கும். வாருங்க, சாயா ஆறுது.”

எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். அஞ்சாம் கிளாஸ் ஜெயித்தவளிடமா!

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று காலையில் சொல்லிவிடுவேன். ஷைனி அழுதால் அழட்டும். ஆனால் புறப்படும்போது அந்த அம்மா என் பெயரைக் கேட்டாள். என் படிப்பைக் காட்டுகிற வீம்பில், பேனா வாங்கி, வீட்டுப்பெயரும் சேர்த்து நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.