அத்தானும் ஒரு சாண் தூரமும்

வெள்ளி, 9
காலையிலிருந்து மழை இருட்டு. பெய்யவில்லை. புதுக்கடைக் கந்தோரில் இரண்டு காணி உறுதிக்கு நகல் எடுக்க வேண்டும், ஒன்றுதான் முடிந்தது. மத்தியானம் சைக்கிள் சங்கச் செயலாளர் வந்தார். ஞாயிறு ரேஸில் முடிவுக்கோட்டு நடுவருக்குக் காய்ச்சலாம். நான் நிற்க வேண்டுமாம்.
"என்ர அக்காவின்ர புருசன் ஓடுறார், ஐயா."
"அவர் அரை மைல் முன்னால வருவார். உமக்கென்ன வேலை அங்க?"
சரியென்று சொல்லிவிட்டேன்.

சனி, 10
வெள்ளவத்தை சலூன். கண்ணாடிக்கு மேலே அத்தான் படம், மாலையோடு. தொடர்ந்து நாலு வருடம் வென்றவர். பக்கத்து நாற்காலிக்காரர்: "அந்தாள் சிங்கம். ஆராலயும் அடிக்கேலாது." நான் யாரென்று சொல்லவில்லை.
பின்னேரம் அக்கா வீடு. அத்தானுக்கு முழங்கால் வீக்கம். அக்கா குசினிக்குள் கூப்பிட்டு, "தோத்தா இந்த மனுசன் உடைஞ்சு போயிடுவார்" என்றாள்.

ஞாயிறு, 11
கொட்டாஞ்சேனை முடிவுக்கோட்டில் கூரைமேலும் சனம். நீர்கொழும்பு போய்த் திரும்பும் ஓட்டம். திரும்பி வரும் வழியில், ஹெந்தளையில் அத்தான் முன்னால் என்று செய்தி வர, வெடி கொளுத்தினார்கள். கடைசித் திருப்பத்தில் அத்தானும் இன்னொருவரும், தோளோடு தோள். மற்றவர் கொம்பனித்தெரு நூர்தீன், பேக்கரியில் மா பிசைபவர். கோட்டில் அவருடைய சைக்கிளின் முன்சில்லு ஒரு சாண் முன்னே. கண்டேன்.
அதற்குள் சனம் அத்தானைத் தூக்கிவிட்டது. கோட்டின் எதிர்ப்பக்கம் நின்ற மற்ற நடுவர், "ஒரே தூசி. எனக்கு ஒண்டும் தெரியேல்ல, நீர் சொல்லும்" என்றார்.
செயலாளர் காதுக்குள்: "யோசிச்சுச் சொல்லும், தம்பி."
"நூர்தீன்" என்றேன்.
உடனே செருப்பு, கல் பறந்து வந்தன. "சொந்த மச்சானே முதுகில குத்திப்போட்டான்!" சட்டை கிழிந்தது. பொலிஸ்காரர் என்னை இழுத்துப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றினார். அத்தான் சனத்தின் தோள்களின் மேலிருந்து பார்த்தார்.

திங்கள், 12
லீவு. நூர்தீன் வேலை செய்யும் பேக்கரியின் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

செவ்வாய், 13
பொறுக்க முடியாமல் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான்தான் கதவு திறந்தார்.
"எல்லாரும் நான்தான் வெண்டனான் எண்டு சொல்லுறாங்கள். நீ மட்டும்தான்..."
"நான் கண்டனான், அத்தான்."
"ஓம்." நிலத்தைப் பார்த்தார். "நானும் கண்டனான்."
"அப்ப சொல்லுங்கோ. அங்க பேக்கரிக்குக் கல்லெறியிறாங்கள்."
அக்கா குசினி வாசலுக்கு வந்து நின்றாள். அத்தான் சட்டையை மாட்டி, சைக்கிளை வெளியே எடுத்தார். "முன் பாரில ஏறு."
அவரைக் கண்டதும் வழியெல்லாம் சனம் பின்னால் ஓடி வந்தது. பேக்கரி வாசலில் இறங்கி, நூர்தீனைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து உயர்த்தினார்.
"இவன்தான் வெண்டவன். நான் தோத்தனான்."
ஒருவரும் கை தட்டவில்லை. கல்லும் எடுக்கவில்லை.