சிவந்துபோன முட்டைக்கொழுப்பு

லண்டன்,
மார்ச் 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். வட்டகொடைத் தோட்டத்தில் நீங்கள் சுகமா? அம்மாவின் இருமல் நின்றதா?

என் வேலை போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முட்டையின் மஞ்சட்கருவிலிருந்து பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பைப் பிரித்துக் கொடுப்பது இந்த ஆய்வுகூடத்தில் என் பொறுப்பு. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வை ஆராய அது வேண்டுமாம். போன வாரம் பிரித்தது வெளிறி இருந்தது. தேயிலை ஸ்டோரில் அரைத்த பச்சை இலையைப் பரப்பிவிட்டு நீங்கள் சொல்வீர்களே, "காத்துப் பட்டாத்தான்டா செவக்கும்" என்று. அந்த நினைப்பில் புட்டியைத் திறந்தே வைத்தேன். சிவந்ததும் மேலதிகாரி மிஸ் கிளார்க்கிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. காற்றுப் பட்டால் இது கெட்டுப்போகுமாம். பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கப்பாங்க. ஸ்டோர்ல தேயிலைக்குப் பதம் பாக்கிறவரு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவர் தேயிலைக்குச் சொன்னார், முட்டைக்கா சொன்னார்? போய் வேறு முட்டைகளை உடையுங்கள்!"

இரண்டாம் முறை நன்றாக வந்தது. மூடியும் வைத்துவிட்டேன்.

நீங்கள் பதம் பார்த்த தூளில் கொஞ்சம், டின்னில் இறுக்கி மூடி அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். அந்த டின்னை என் அறையில், ஸ்டோர் வாசம் வரட்டும் என்று, திறந்தே வைப்பேன். அதற்கு யாரும் ஏசமாட்டார்கள்.

உங்கள் மகன்,
அலோசியஸ்