ஆர்வத்துடன் கவனித்தனர்

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பழுப்பு அட்டை போட்ட உன் பி.எட். ரெக்கார்டு நோட்டு. திறந்ததும் பழைய பசை வாடை. நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. பசை இன்னும் பிடி விடவில்லை.

சங்கரன்கோவிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்ற நம் கல்லூரியில் வகுப்பறைகள் நான்குதான். அங்கே நாம் முதலில் கற்றது, நடக்காத பாடத்தில் நடந்ததை எழுதுவது. பாடத்திட்டத்தில் 'மாணவர் செயல்' என்று ஒரு கட்டம். நாளை எடுக்கப்போகும் பாடத்துக்கு இன்றே அதில் 'ஆர்வத்துடன் கவனித்தனர்' என்று எழுதிவிட வேண்டும். முந்தைய ஆண்டுக்காரர்களின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினோம். அவர்களுடைய மாணவர்களும் ஆர்வத்துடன்தான் கவனித்திருந்தார்கள், ஊரே விழித்திருக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்கூட.

நீ மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பாடம் முடிந்தபின் நிரப்பினாய். "மூன்றாம் பெஞ்சு மாணவி உறங்கினாள். விடியுமுன் பூப்பறித்துவிட்டு வந்தவள். எழுப்பவில்லை."

செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ரெக்கார்டு பார்க்கும் மேடம் அதைப் படித்தார்.

"என்னம்மா இது, ரெக்கார்டா டைரியா? பிள்ளை உறங்குதுன்னு எழுதுனா, வெளியிலிருந்து தேர்வு நடத்த வாரவங்க என்ன நெனைப்பாங்க? நாப்பது பாடத்தையும் புதுசா எழுதிட்டு வா. அப்பதான் கையெழுத்து."

கையெழுத்து இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. பட்டம் இல்லாமல் ஜூனில் வர வேண்டாம் என்று நீ படிக்க வருமுன் வேலை பார்த்த மேலநீலிதநல்லூர்ப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்படியும் எழுத மாட்டேன் என்றாய். கெஞ்சியது நான்தான்.

"ஏட்டி, நாப்பது தடவ பொய் எழுதச் சொல்லுதியா?"

"ஒரே பொய்தான்ட்டி, நாப்பது எடத்துல."

சிரித்துவிட்டாய், சிரித்ததால் தோற்றாய். இருபதை நீ எழுதினாய், இருபதை நான். பின்பாதியில் உன் எழுத்து வெகுவாகத் திருந்தியிருப்பதாக மேடம் பாராட்டிக் கையெழுத்திட்டார்.

மேடம் தள்ளிய இந்தப் பழைய நோட்டை நீ வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதன் கடைசிப் பக்கத்தில், பின்வரிசையில் உட்கார்ந்து நீ பார்த்த என் முதல் வகுப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு: "ஆசிரியை பயத்தில் கரும்பலகையைப் பார்த்தே பாடம் சொன்னாள். பாவப்பட்டுப் பிள்ளைகள் சத்தம் போடவில்லை." முதல் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போட்டவள் நான் என்று இத்தனை வருடமாக என் மாணவிகளிடம் சொல்லி வருகிறேன்.

ஆம், இப்போது அதே கல்லூரியில் ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் மேடம் நான்தான். நேற்று ஒரு மாணவியின் நோட்டில் அதே 'ஆர்வத்துடன் கவனித்தனர்'.

"யாரு கவனிக்கல?" என்று கேட்டேன்.

பயந்துபோனாள். பிறகு மெதுவாக, "ஒரு பிள்ளை சன்னல் வழியா ரோட்டையே பாத்துட்டிருந்தா மேடம். அவ அப்பா அன்னிக்கு பஸ் ஏறி திருப்பூர் போறாராம்" என்றாள்.

"அத எழுது."

"எழுதுனா கையெழுத்துப் போடுவியளா மேடம்?"

போட்டேன். அவள் போனதும் உன் நோட்டை எடுத்தேன். நாற்பது பாடத்தின் அடியிலும் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில், நேற்றைய தேதியிட்டுப் போட்டேன். என்னைப் பற்றிய பக்கத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அங்கேயும் போட்டேன்.

இன்று காலை முதல் வகுப்பு என்னுடையது. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுத் திரும்பிப் பார்த்தேன்.