வேலிக்கு வெளியே நின்று எடுத்த படம்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்தால் பழைய ரப்பர் வாடை. உன் கேமரா டெலிகன்வர்ட்டரைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை இளகிப்போய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. உள்ளே கண்ணாடியில் பூஞ்சை. ஈப்போ ஈரத்துக்கு எதுதான் தப்பும். நீ இருந்திருந்தால், "தோட்டத்த விட்டு வந்து எவ்ளோ காலமாச்சு, இன்னும் கையில ரப்பர் பால் ஒட்டுது பாரு" என்று சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று தங்கச்சி ஃபோனில் கூப்பிட்டாள். அதனால்தான் டின்னை இறக்கினேன்.

அவளை நீ கட்டிக்கொள்வதற்கு முன்பே உன்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். சித்தியவான் போகும் சாலையிலிருந்த நம் தோட்டத்தை விற்றபோது நீ ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போனாய். நான் ஈப்போவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை போட்டேன். உன் மகள் மலர்விழி மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். காய்ச்சலில் போனவள், நாலு வயது. சின்னப் பிள்ளைகளை எரிக்கக்கூடாதென்று தோட்டத்து இடுகாட்டில், மேட்டுச் சரிவில் புதைத்தோம். தாய்மாமன் என்று கல் நட்டது நான். ஈர சிமெண்டில் ஆணியால் பெயரைக் கீறும்போது எழுத்தைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டேன். கடைசி 'ழி' இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டது. தீபாவளிக்கு டவுனுக்குக் கூட்டிப்போய் அவளைப் படம் எடுக்கலாமென்று இருந்தோம். அதற்குள் போய்விட்டாள். அவளுக்கு ஒரு படமும் இல்லை.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முன் போய் விளக்கு வைப்போம். பிறகு நிலத்தைப் புதிய கம்பெனி வாங்கியது. வேலி வந்தது, காவலுக்கு ஒரு ஜாகா வந்தார். "உள்ள போக முடியாதுலா, சொன்னா கேளுங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மேட்டை வெட்டி வீடுகள் கட்டப்போகிறார்கள் என்றார்கள். அந்தப் பக்கம் கல்லறையே இல்லை என்று கம்பெனி சொன்னது. இருக்கிறதென்று காட்டினால் தோண்டி எடுத்துக் கொடுப்போம் என்றும் சொன்னது. டவுன் இடுகாட்டில் அவளுக்கு இடம் பார்த்து வைத்தாய். பெயர் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

என்னிடம் இருந்தது இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ். வேலிக்கு வெளியே மதகு மேல் நின்று எடுத்தால் கல் படத்தில் ஒரு பல் அளவுக்குத்தான் விழுந்தது. நீ எங்கோ பழைய சாமான் கடையில் இந்தக் கன்வர்ட்டரைத் தேடிப் பிடித்தாய். லென்ஸ்காரன் செய்தது அல்ல, வேறு ஏதோ கம்பெனியுடையது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் இருநூறு நானூறாகிவிடும். ஒட்டாது என்றேன். "அசலுக்கு எங்க போறது மச்சான், இது போதும்லா" என்றாய்.

மாட்டினால் கொஞ்சம் ஆடியது, டேப் சுற்றினாய். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி எங்கும் நிற்கவில்லை, கையாலேயே திருப்பினாய். லென்ஸ் துளையை முழுக்கத் திறந்தால் கல் கொசுவலைக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கியது. துளையைச் சுருக்கினால் இருட்டு. "இது வெளிச்சத்தத் தின்னுட்டுத்தான் கிட்டக் காட்டும்" என்பாய். உச்சிவெயிலில் செம்மண் மேல் அனல் ஆடி எழுத்தைக் கரைத்தது. ஞாயிறு ஞாயிறாகப் போனோம். ஒரு சாயங்காலம் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து, கீறிய எழுத்துகளில் நிழல் நிரம்பியது. ஆடாமலிருக்க ட்ரைபாடில் உன் பையைக் கட்டித் தொங்கவிட்டு, டைமர் வைத்து எடுத்தாய். திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். கீழே இறங்கிய 'ழி' தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாய்.

வீட்டில் தங்கச்சி அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கல்லின் பாசிகூடத் தெரிந்தது. "எவ்ளோ கிட்ட இருக்கு. உள்ள விட்டாங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "விட்டாங்க லா. அந்த ஜாகா நல்ல மனுசன். வெளக்கு வச்சிட்டுத்தான் எடுத்தோம்." நான் உன்னைப் பார்த்தேன், நீ மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாய். வெளியே வந்ததும், "நெசமாவே கிட்ட போனப்புறம் சொல்லிக்கலாம் மச்சான்" என்றாய்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம்; கம்பெனி அதிகாரி நம் தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையானவர். அசல் கோப்பைக் கேட்டு வாங்கிக் கணினியில் திறந்தார். "நானும் லீவுல பறவை எடுக்கிறவன்தான் அண்ணே. இதுல லென்ஸ் இருநூறுன்னு இருக்கு. பாகார் வேலிக்கு வெளிய நின்னு இருநூறுல எடுத்தா கல்லு இவ்ளோ பெருசா வராது. ஒண்ணு பாகார தாண்டியிருக்கீங்க, இல்ல இது வேற எடத்துக் கல்லு." இந்தக் கன்வர்ட்டர் தான் நடுவில் இருப்பதைக் கேமராவிடம் சொல்லாது, கேமரா தனக்குத் தெரிந்த இருநூறைத்தான் எழுதும் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "நேர்ல காட்டுங்கண்ணே, அடுத்த வாரம் வாரேன்" என்றார்.

அடுத்த வாரம் அதே மதகில் கேமராவை நிறுத்தினாய். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மண்ணுதான் தெரியுது அண்ணே." நீ அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கண்ணை வைத்தாய். சரிவே இல்லை, மச்சான். செம்மண்ணில் இயந்திரத்தின் தடம் மட்டும். அவர் காண்ட்ராக்டரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு ஃபோனோடு நகர்ந்துபோனார். நீ ஃபோகஸ் வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாய். போதும் வா என்று நான்தான் உன் கையைப் பிடித்தேன். அந்த மண் எந்த லாரியில் எங்கே போனதோ, இன்றுவரை தெரியாது.

திரும்பும் வழியில் கன்வர்ட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாய். "அவகிட்ட சொல்லாத மச்சான்" என்றாய். அந்த வருஷ மழைக்கு முன்பே தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன்னை எரித்து லுமுட் கடலில் கரைத்தோம். இப்போது சாமித்தட்டில் உன் படமும் அந்தக் கல்லின் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. பொய்யைச் சொன்னது நீ, சுமக்கிறது நான்.

நேற்று அவள் கேட்டாள். "அந்த ஜாகாதான் நல்ல மனுசனாச்சே அண்ணே. இந்தத் தீவாளிக்காச்சும் என்னயக் கூட்டிட்டுப் போ."

மழை நிற்கட்டும் என்றேன். போன வருஷமும் அதையேதான் சொன்னேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"அன்னைக்கு உன் மச்சான் கல்லத் தொட்டாரா? சூடா இருந்துச்சா?"

"தொட்டாரும்மா. வெயில் எறங்கிடுச்சுல்ல. சில்லுன்னுதான் இருந்துச்சு."