ஆறு பேரும் தூக்கிய கை

ஹட்டன்
06.10.2024, ஞாயிறு

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

வடிவு எழுதுறேன். நீயும் பெரியம்மா வீட்டு ஆளுங்களும் சுகமா? நாங்க சுகம்னு எழுதணும்தான். ஆனா நீ போன நாள்ல இருந்து இந்த விடுதி வீட்ல யாருக்கும் சோறு இறங்கல.

இது நம்ம ஞாயித்துக்கிழமை கடிதம் எழுதுற நேரம். பெரிய மேசையைச் சுத்தி எல்லாரும் உக்காந்திருக்கோம். "வீட்டுக்கு எழுதுங்க, எழுத ஆள் இல்லாதவங்க எனக்கு எழுதுங்க"ன்னு நம்ம வார்டன் ரம்லா அக்கா வழக்கம் போல சொல்லிட்டு தேத்தண்ணி ஊத்துறாங்க. இன்னைக்கு ஆறு பேரும் உனக்குத்தான் எழுதுறோம்னு நினைக்கிறேன். ஒருத்தரும் அடுத்தவ தாளை எட்டிக்கூட பார்க்கல.

உன் லீக்ஸ் பாத்திக்கு நான்தான் தண்ணி ஊத்துறேன். நேத்து சிரமதானத்துல வாசல் படிக்கட்டை எல்லாம் கழுவி விட்டோம். நீ இருந்திருந்தா பாடிக்கிட்டே வழுக்கி விழுந்திருப்ப.

வெள்ளிக்கிழமை கூட்டம்தான் இன்னும் மனசுல ஓடுது. மூணு தரம் உன் சமையல் முறைக்கு நீ வராம விட்டது தப்புதான். முன்பள்ளிப் புள்ளைகளுக்கு பொம்மை செய்யப் போய் உனக்கு நேரமே தெரியாமப் போச்சு, அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆனா மூணு தரம் விட்டா கூட்டத்துல கை தூக்கித்தான் முடிவு பண்ணணும்கிறது வீட்டு வழக்கம். அக்கா உன்னையும் சேர்த்து எங்க எல்லாரையும் மேசையில தலையைக் கவுத்துக் கண்ணை மூடச் சொல்லி, "ஜெயந்தினி இங்கயே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு கேட்டப்போ, இப்படி ஆகும்னு யாரு கண்டா. நாலு கை வேணும், மூணுதான் இருக்குன்னு அவங்க சொன்னதும் நீ என் மூஞ்சியைத்தான் பார்த்த. நான் தூக்கினேன்டீ. அதை மட்டும் நம்பு.

பொங்கல் முடிஞ்சதும் நீ திரும்பக் கேட்கலாம்னு அக்கா சொல்லித்தானே அனுப்பினாங்க. மூணு மாசம் ஓடிரும். ஜன்னல் பக்கத்து உன் கட்டில் அப்படியே இருக்கு. நான் அதுல படுக்கல.

உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கிற,
வடிவு


பூண்டுலோயா
19.10.2024

அடி கிழவி,

சண்முகவடிவுன்னு உனக்குப் பேர் வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும். அந்தப் பாட்டி காலத்துப் பேரை நினைச்சாலே சிரிப்பு வருது, இந்த நிலைமையிலயும்.

இங்க போன்ல பேசணும்னா தண்ணி டேங்கி வரைக்கும் ஏறணும். அதனால நீயும் கடிதமே எழுது, கடை விலாசத்துக்கே போடு. உங்க ஆறு கடிதமும் ஒரே கட்டா பைஸர் நானா கடைக்கு வந்து சேர்ந்துச்சு. "என்ன புள்ள, கலியாணமா, இத்தனை கடிதம் வருது"ன்னு நானா கேக்குறாரு. கடைப் படியிலயே உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன். வடிவு, நீயே சொல்லு, இதைக் கேட்டு அழுறதா சிரிக்கிறதா. ஆறு பேரும் கை தூக்கினீங்களாம். ஆறு பேரும். அந்த மேல் ரூம் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சாமி மேல சத்தியம் வேற பண்ணியிருக்காங்க. அப்ப ரம்லா அக்காவுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா?

எனக்கு ஆறு பேர்ல அஸீலா மேலதான் சந்தேகம். அந்த வறுக்குற தாச்சிச் சட்டியைத் தேய்க்காம வெச்சேன்னு அன்னைக்கு அவ குதிச்ச குதி உனக்கு ஞாபகம் இருக்கா. அவளேதான். நீ அங்கதானே இருக்க, மெதுவா விசாரிச்சுப் பாரு. பொங்கலுக்குப் பிறகு திரும்பக் கேக்கும்போது யாரு காலைப் பிடிக்கணும்னு நான் தெரிஞ்சு வெச்சுக்கணும்ல.

லயத்துல பெரியம்மாவோட ஒரே அறைக் காம்பராவுல ஏற்கெனவே ஆறு பேரு. நான் வெளித்திண்ணை இஸ்தோப்புல படுக்குறேன். சாக்கைக் கட்டி மறைச்சிருக்காங்க, ஆனா காத்து எந்தச் சாக்குக்கு அடங்குச்சு. முதல் பஸ்ஸைப் பிடிச்சாலும் முன்பள்ளி டீச்சர் வகுப்பு பாதி முடிஞ்சுதான் ஹட்டனுக்கு வந்து சேர முடியுது. ஒரு கிழமை அப்படி ஓடினேன். போன திங்கட்கிழமை, இனி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. பொம்மைப் பையை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தேன். நாளையில இருந்து பெரியம்மாகூட, அன்னன்னைக்கே கையில காசு குடுக்கிற கைக்காசு வேலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறேன்.

இதெல்லாம் பொங்கல் வரைக்கும்தான்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிறேன். அடுத்த வருஷம் வகுப்புக்குப் போகணும்னா அந்த வீட்ல எனக்கு இடம் கிடைக்கணும், அவ்வளவுதான் என் கதை. ஆறு கடிதத்துல உன்னோடதை மட்டும்தான் நம்பி எடுத்து வெச்சிருக்கேன். உனக்கு பொய் சொல்ல வராது, மூக்கு சிவந்துரும்.

ஜெயந்தினி


ஹட்டன்
03.11.2024, ஞாயிறு

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

வகுப்பு விட்டுப் போச்சுன்னு படிச்சிட்டு, போன ஞாயிறு ரெண்டு தரம் எழுதிக் கிழிச்சேன். மூணு மாசம் வெளிய இருந்துட்டு வருவ, அவ்வளவுதான்னு நாங்க நினைச்சோம். வகுப்பைப் பத்தி யாரும் யோசிக்கல.

தீபாவளிக்கு அஸீலாவும் ரம்லா அக்காவும்தான் அடுப்படியைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்களை உள்ள விடவே இல்ல. முறுக்கு கொஞ்சம் கருகிருச்சு, நல்லா இருந்துச்சு. முன்வாசல்ல விளக்கு வெச்சோம். உன் கட்டில் மேல யாரோ ஒரு தட்டு முறுக்கு வெச்சிருந்தாங்க. யாருன்னு கேக்கல.

அஸீலாவைப் பத்திக் கேட்டிருந்த. எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. எல்லாரும் கண்ணை மூடித்தானே இருந்தோம்.

என் நீல சுவெட்டரை இதோட அனுப்புறேன். இஸ்தோப்புல படுக்கும்போது போட்டுக்க. எனக்கு வேற இருக்கு, வேண்டாம்னு திருப்பி அனுப்பிறாத. தயவுசெஞ்சு போட்டுக்கடீ.

வடிவு


பூண்டுலோயா
16.11.2024

கிழவிக்கு,

சுவெட்டர் வந்துச்சு. உன் வாசம் அடிக்குது, பவுடரும் மண்ணெண்ணெயும். கை கொஞ்சம் கட்டை, பரவால்ல.

நீ ஒண்ணும் தெரியலன்னு எழுதினதுலயே எனக்கு விளங்கிருச்சு. உனக்கு யாரையும் காட்டிக் கொடுக்க மனசு வராது. அதான் நானே அஸீலாவுக்கு எழுதிட்டேன். ஒரு தாச்சிக்காக ஒருத்தியோட படிப்பைக் கெடுத்துட்டியே, நல்லா இரு, இனி உன் தாச்சியைத் தொட அங்க ஆளில்லன்னு எழுதினேன். கொஞ்சம் காரம்தான். ஆனா மழையில நாள் முழுக்க மலையில நின்னு, அட்டை கடிச்ச காலோட வந்து உக்காந்தா இனிப்பா எழுத வராது.

பெரியம்மா நல்லவங்க. ஆனா அவங்க மருமக என் காதுல விழுற மாதிரி பெருமூச்சு விடுறா. பொங்கல் எப்ப வரும்னு இருக்கு.

ஜெயந்தினி


ஹட்டன்
24.11.2024, ஞாயிறு

ஜெயந்தினிக்கு,

நீ அஸீலாவுக்கு எழுதினது செவ்வாய்க்கிழமை வந்துச்சு. அவ அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சா. அந்தத் தாச்சியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, துடைச்சு, உன் தட்டு வைக்கிற இடத்துல வெச்சா. அப்புறம் என்கிட்ட வந்து, "அல்லாஹ் அறிய நான் தூக்கினேன் வடிவு, அவ ஏன் என்னைச் சொல்றா"ன்னு கேட்டா. நான் அவ மூஞ்சியைப் பார்க்காம கொடியில இருந்து துணி எடுக்கப் போயிட்டேன். மழையும் இல்ல, துணியும் காயல.

நான் தூக்கல ஜெயந்தினி.

நீ வராம விட்ட முதல் ரெண்டு முறையும் நான்தான் சமைச்சேன், செஞ்சது நான்னு யாருக்கும் சொல்லாம. அது போக, பரீட்சைக்கு நான் படிக்கிற நேரம் பார்த்து நீ அந்தப் பொம்மைகளோட பாடிக்கிட்டு இருப்ப. மூணாவது தரம், அன்னைக்கு எல்லாரும் வேலை விட்டுப் பசியோட வந்து நின்னப்போ, நீ சிரிச்சுக்கிட்டே வாசல்ல வந்த. சிரிச்ச பாரு, அதுதான் எனக்கு ஆத்திரம். மத்த அஞ்சு பேரும் தூக்கிருவாங்க, இவ எப்படியும் இருந்துருவா, என் கை ஒண்ணு குறைஞ்சா அக்கா "அஞ்சு கை"ன்னு சொல்லுவாங்க, இவளுக்குக் கொஞ்சம் உறைக்கும்னு நினைச்சேன். கையைத் தொடைக்கடியில வெச்சுக்கிட்டேன். மூணுன்னு அக்கா சொன்னப்போ இப்பவாவது தூக்கிரலாமான்னு கையை வெளிய எடுக்கப் பார்த்தேன். கூச்சமா இருந்துச்சுடீ. கூச்சத்துக்காக உன்னை அனுப்பிட்டேன்.

அதுக்கு மேல பொய். அதுக்கும் மேல நீ அஸீலாவைச் சொன்னப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தேன். யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டேன்னு நீ எழுதினதைப் படிச்சிட்டு அந்தச் சுவெட்டரை நினைச்சேன். வெக்கமா இருக்கு.

வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சுச் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் மேல் ரூம் அக்கா தங்கச்சியும் அழுதுக்கிட்டே சொன்னாங்க, அவங்களும் தூக்கலையாம். அவங்களும் மத்தவங்க தூக்குவாங்கன்னுதான் நினைச்சாங்களாம். ரம்லா அக்கா யாரையும் திட்டல. அவங்க அன்னைக்கே பார்த்தவங்கதானே. இத்தனை நாளா எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அஸீலா என்னோட பேசுறதில்ல.

நீ திட்டி எழுது. என்ன வேணும்னாலும் எழுது.

வடிவு


ஹட்டன்
19.01.2025, ஞாயிறு

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

ரெண்டு மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. கிறிஸ்மஸுக்கு ஒண்ணு எழுதினேன், வருஷப் பிறப்புக்கு ஒண்ணு எழுதினேன். கிடைச்சுச்சா தெரியல. பைஸர் நானா கடைக்குப் போன் போட்டேன். "புள்ள வந்து வாங்கிட்டுப் போகுது"ன்னாரு. அப்ப நீ படிச்சிருக்க.

நீ கேட்டு எழுதுவன்னு அக்கா பொங்கல் வரைக்கும் பார்த்தாங்க. நீ எழுதல. அப்புறம் நான்தான் உனக்காக கேட்டேன். இந்தத் தரம் யாரும் தலையைக் கவுக்க வேண்டாம், கண்ணைத் திறந்துக்கிட்டே தூக்குவோம்னு சொன்னேன். ஆறு கை. அஸீலாதான் முதல்ல தூக்கினா. அக்கா எழுதிக் குடுத்த அனுமதியை இதுல வெச்சிருக்கேன்.

உன் கட்டிலுக்கு மெத்தை உறை தைச்சாச்சு. ஜன்னல் பக்கம் உனக்கு, கதவுப் பக்கம் எனக்கு. நான் இருக்கிற ரூம் வேண்டாம்னா அஸீலா ரூம்ல இடம் மாத்தித் தர்றேன்னு அவளே சொல்லிட்டா. லீக்ஸ் வெட்டிச் சமைச்சு முடிச்சு, பாத்தியில இப்ப உருளைக்கிழங்கு போட்டிருக்கோம்.

நீ எவ்வளவு பாடினாலும் நான் படிச்சுக்குவேன். வந்துருடீ.

வடிவு


பூண்டுலோயா
02.02.2025

வடிவுக்கு,

எல்லாக் கடிதமும் கிடைச்சுச்சு. பதில் எழுத உக்காருவேன், "கோபம் இல்ல"ன்னு முதல் வரி வரும். அது பொய். அதை எழுதி அனுப்பினா பொய் எழுதின உங்க மூணு பேரோட நாலாவதா நானும் சேர்ந்துருவேன். அதான் எழுதல.

கோபம் இருக்கு. நீ பாட்டைச் சொன்னதுக்கும் சமையலைச் சொன்னதுக்கும் இல்ல, அது நியாயம்தான். நீ எனக்குச் செஞ்ச ரெண்டு நாள் சமையலை நான் அக்கா செஞ்சாங்கன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா அஸீலாவுக்கு நான் அப்படி எழுதுற வரைக்கும் நீ பார்த்துக்கிட்டு இருந்தியே, அதுதான் இன்னும் உள்ள குத்துது. சுவெட்டரைக் கழட்டி வெச்சிட்டேன். ராத்திரி குளிர் தாங்காம திரும்பப் போட்டுக்கிட்டேன், அதையும் சொல்லிடுறேன்.

ஆறு கையும் தூக்கினதுக்கு எல்லாருக்கும் நன்றி சொல்லு. நான் வரல வடிவு. யாரையும் பழிவாங்க இல்ல. அந்த ஜன்னல் பக்கத்துல படுத்தா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் உங்க கைகளைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன். நான் தூங்குறதுக்கு நாலு பேரு கை தூக்கணும்கிற இடத்துல இனி எனக்குத் தூக்கம் வராது. அது அந்த வீட்டோட தப்பில்ல. அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லு.

இங்க கொழுந்துக்குப் போறவங்க புள்ளைகளை விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல, ஆயாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் கேட்டாங்க. பொம்மைப் பையைத் தூக்கிக்கிட்டுப் போனேன், எடுத்துக்கிட்டாங்க. ஆயா வீட்லயே ஒரு மூலையில படுத்துக்கிறேன், காத்து வராது. சனிக்கிழமை வகுப்பு ஒண்ணு தலவாக்கலையில இருக்காம், அதுல சேரலாம்னு சொல்றாங்க. பார்ப்போம்.

போன கிழமை புள்ளைகளுக்கு நம்ம கூட்டம் மாதிரியே ஒரு விளையாட்டு வெச்சேன். எல்லாரும் தலையைக் கவுத்துக் கண்ணை மூடுங்க, வெளிய போய் விளையாடணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னேன். எல்லாம் ரெண்டு ரெண்டு கையா தூக்குதுங்க. ஒண்ணு காலையும் சேர்த்துத் தூக்குச்சு. ஒரே ஒரு புள்ள மட்டும் தூக்கல. கிட்டப் போய்ப் பார்த்தா, கவுத்த தலையோட தூங்கிப் போச்சு. கை தூக்கலன்னு அதை விட்டுட்டுப் போக முடியுமா. இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் மத்ததுகளோட வெளிய போனேன்.

பதினாறாந்தேதி ஞாயித்துக்கிழமை வா. அஸீலாவையும் கூட்டிட்டு வா. அவ வரலன்னா கெஞ்சியாவது கூட்டிட்டு வா, அவகிட்ட நான் நேர்ல மன்னிப்பு கேக்கணும், கடிதத்துல முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கி பைஸர் நானா கடையில கேட்டா வழி காட்டுவாரு.

சாப்பிடாம வாங்க. அன்னைக்குச் சமையல் என் முறை.

ஜெயந்தினி