இருபது வயதுக் கை

கிரின்ஸ்டெட்
டென்மார்க், 15 மார்ச் 2009

அன்பு மகன் ஸ்ரிபனுக்கு,

மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும், அதைவிட உன் இடது கையின் சுகத்துக்கும், அம்மா நாளாந்தம் செபமாலை சொல்கிறா. போனில் கதைத்தால் ஐந்தாம் நிமிடம் சண்டை வந்து "அம்மாட்டக் குடுங்கோ" என்கிறாய். அதனால்தான் பேனை பிடித்திருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது.

நீ அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பந்து எறிகிறாய் என்பதை என்னோடு வேலை செய்யும் குணசேகரம் இன்னும் நம்பவில்லை. "ஓடி வராமல் நிண்ட இடத்தில நிண்டு எறியிறது ஒரு தொழிலோ?" என்று கேட்கிறார். பேஸ்போல் அப்படித்தான் என்று விளங்கப்படுத்திக் களைத்துவிட்டேன்.

இனிக் கவலைக் கதை. வன்னியில் சண்டை கடற்கரைவரை வந்துவிட்டது. என் அண்ணை, உன் மரியரட்ணம் பெரியப்பா, மாத்தளன் பக்கம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருக்கிறாராம். போன மாதம் இரண்டு நிமிடம் போன் எடுத்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அவன் எறியிறானோ? கை நோகுதோ?" என்றுதான் கேட்டார். உன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். தெரியாத நீள இலக்கம் அடித்தால் எடு மகன்.

உன் அப்பா,
குருசுமுத்து


12 ஏப்ரல் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தந்த தமிழ் இவ்வளவுதான். பிழைகளுக்குச் சிவப்புப் பேனை எடுக்காதீர்கள்.

பயிற்சி தொடங்கிவிட்டது. எங்களுடையது சின்ன அணி, பழைய பஸ், மலிவான ஹோட்டல். ஆனால் பந்து மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் போகிறது! ஜூனில் பெரிய அணி ஒன்றின் ஆள் என்னைப் பார்க்க வருகிறார். "இருபது வயதில் இந்த வேகமா? இன்னும் இரண்டு வருடம் வளரட்டும், பார்" என்று எங்கள் பயிற்சியாளரிடம் சொன்னாராம். அவர்களுக்கு வயதுதான் முக்கியம். இருபது என்றால் தங்கம், இருபத்திரண்டு என்றால் யோசிப்பார்கள். பத்து வயதில் எனக்குப் பந்து பழக்கின ஜென்ஸ் மாஸ்டர் என்னைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு விளையாட விட்டது நினைவிருக்கிறதா? அன்றும் இதே கதைதான்.

போன கிழமை பயிற்சி நடுவில் ஒரு நீள இலக்கம் அடித்தது. வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தது, அதையும் வெட்டினேன். பெரியப்பா என்றால் அடுத்தமுறை எடுக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? நான் கண்டறியாத மனிதர். அவருக்கு என் கையில் ஏன் இவ்வளவு அக்கறை?

அன்பு மகன்,
ஸ்ரிபன்


கிரின்ஸ்டெட்
26 மே 2009

மகன்,

அண்ணை இல்லை. மே மாதம் பத்தாம் திகதி முள்ளிவாய்க்காலில், தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது செல் குண்டு விழுந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த ராசமலர் முகாமுக்கு வந்து, யாரிடமோ போன் வாங்கி முந்தாநாள் சொன்னா. சண்டை முடிந்துவிட்டது என்று டெனிஷ் தொலைக்காட்சி ஒரு நிமிடம் சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போனது.

நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுத ஆறு வாரமாகத் துணிவில்லை. இனி மறைத்தால் நான் மனிதன் இல்லை. அவர் உன்னைப் பெற்றவர்.

நான் 1988இல் டென்மார்க்குக்கு வந்தபோது அம்மா வயிற்றுப்பிள்ளையோடு மன்னாரில் நின்றா. அந்தப் பிள்ளைதான் ஸ்ரிபன். அவனுக்கும் அம்மாவுக்கும் விசா வந்த நேரம், 1991இல், மடு முகாமில் காய்ச்சல் வந்து அவன் செத்துப்போனான். இரண்டரை வயது. விசாவில் இரண்டு பெயர் இருந்தது. அண்ணையிடம் நீ இருந்தாய், நாலு வயது. உன்னைப் பெற்ற மேரிசெலின் அதற்கு முந்தின வருடம் செல்லில் போய்விட்டா. "இவனாவது உயிரோட இருக்கட்டும், கொண்டுபோ" என்று அண்ணை உன்னை அம்மாவின் கையில் கொடுத்தார். உன் பெயர் சூசைதாசன். பிறந்தது ஜூன் 1987.

வயது தெரியக்கூடாதென்று அம்மா நாலு வயதுப் பிள்ளைக்கு நாப்பி கட்டி, வாயில் சூப்பி வைத்து, கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தா. எனக்கு ஒன்றும் தெரியாது. என் பிள்ளை என்று ஓடிப்போய்த் தூக்கினேன். அம்மா என் காதுக்குள், "இது அண்ணையின்ர பிள்ளை. எங்கட பிள்ளை இல்லை" என்றா. பொலிஸ்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சிரித்தேன். மகன் செத்த செய்தியைக் கேட்டுக்கொண்டு சிரித்தவன் நான்.

முப்பத்தோராம் நாள் பூசை ஜூன் ஒன்பது.

குருசுமுத்து


5 ஜூன் 2009

சித்தப்பா அவர்களுக்கு,

அப்படித்தானே எழுத வேண்டும்? தகப்பனின் தம்பி சித்தப்பா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள்.

கடிதத்தை உடைமாற்றும் அறையில் வாசித்தேன். பிறகு மைதானத்துக்குப் போனேன். பந்தை எப்படிப் பிடிப்பது என்று மறந்துபோனது. உண்மையாகவே மறந்துபோனது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிடித்தபடி நின்றேன். பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஜென்ஸ் மாஸ்டர் என்னில் கண்டது திறமை இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்றது, அவ்வளவுதான். நான் வெல்லாமல் வேறு யார் வெல்வது? எனக்குக் கிடைத்த கோப்பைகள் எல்லாம் யாருடையவை?

அந்தப் போன். நான் இரண்டுமுறை வெட்டினேன். மூன்றாவது முறை அடிக்கவே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தும், "உன் அப்பா எடுப்பார்" என்று ஒரு வரி எழுத மனம் வரவில்லையா? எனக்குக் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். முடியவில்லை. சரியான கோபம்.

ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எங்கே பூ வைக்கிறீர்கள்?

பெயர் எழுதத் தெரியவில்லை.


கிரின்ஸ்டெட்
15 ஜூன் 2009

மகன்,

நீ சித்தப்பா என்று கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு மகன் என்றுதான் எழுத வரும்.

போன் விஷயம் என் பிழை. பதினெட்டு வருடம் நீ என்னை அப்பா என்றாய். அது போய்விடும் என்ற பயத்தில் ஒரு வரியை எழுதாமல் விட்டேன். அண்ணை தன் பிள்ளையைத் தந்தார். நான் அவருக்கு ஒரு போன்கூடக் கொடுக்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழ?

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எங்கேயும் பூ வைக்கவில்லை. கடதாசியில் அவன் உயிரோடு இருக்கிறான். பள்ளிக்கூடம் போனான், சத்திரசிகிச்சை செய்துகொண்டான், கார் லைசென்ஸ் எடுத்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் பூசை ஒப்புக்கொடுக்கிறது? ஆத்துமாக்கள் திருநாளில் அம்மா ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்துவா. "அது ஆருக்கு யசிந்தா?" என்று சனம் கேட்டால், "ஒருத்தரும் இல்லாத ஆத்துமாக்களுக்கு" என்பா. நான் அவன் முகத்தைக் கண்டதே இல்லை.

அண்ணையின் பூசையில் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. பிள்ளையில்லாத மனிதன் என்று சனம் பரிதாபப்பட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னால் நாளைக்கே கொமூன் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். வருவது வரட்டும். உன் எறிதலை மட்டும் விடாதே.

குருசுமுத்து


28 ஜூன் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரிய அணியின் ஆள் இருபதாம் திகதி வந்தார். ஆறு இன்னிங்ஸ் எறிந்தேன், ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. கை தன்பாட்டில் எறிந்தது. முடிந்ததும் ஒப்பந்தக் கடதாசியை மேசையில் வைத்து, என் தோளில் தட்டி, "இருபது வயதுக் கை!" என்றார்.

எனக்கு அந்த நாப்பி கட்டின பிள்ளை நினைவுக்கு வந்தது. மடுவில் கிடக்கிற மற்றப் பிள்ளையும் நினைவுக்கு வந்தது. "இல்லை ஐயா, இருபத்திரண்டு. என் கடதாசியில் பிறந்த திகதி பிழை" என்று சொல்லிவிட்டேன். வேறு விபரம் சொல்லவில்லை. அவர் ஒப்பந்தக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். கடதாசி பிழையான ஆளை எடுக்க முடியாது என்று கைகொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஹோட்டல் குளியலறையில் இருந்து அழுதேன். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது அந்த ஒப்பந்தத்துக்குத்தானே. எங்கள் சின்ன அணிக்கு வயதைப் பற்றிக் கவலையில்லை. செவ்வாய்க்கிழமை திரும்ப எறிகிறேன்.

நீங்கள் கொமூனுக்குப் போகவேண்டாம். பங்குச் சுவாமியிடம் போங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசை கேளுங்கள். மெல்ல இல்லை, சனத்துக்குக் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள்: குருசுமுத்து, யசிந்தா தம்பதியரின் மகன் ஸ்ரிபன், வயது இரண்டரை. யார் திரும்பிப் பார்த்தாலும் பார்க்கட்டும். அம்மா அந்த மெழுகுதிரியை அவன் பெயர் சொல்லிக் கொளுத்தட்டும்.

ஓகஸ்டில் வருகிறேன். வந்து பெரியப்பாவுக்கு, என்னைப் பெற்றவருக்கு, ஒரு பூசை கேட்பேன். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் அப்பா.

உங்கள் மகன்,
சூசைதாசன்